நாற்காலிக் கணக்கு

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கல்யாணத் தரகரிடம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். "தாலுகா ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டெண்ட்" என்பதோடு அவர் நிறுத்த மாட்டார். அடிப்படை ஊதியம் 19,500-இல் தொடங்குகிறது, வருஷத்துக்கு 3 சதவீதம் இன்கிரிமெண்ட், அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பிடித்தம் போகக் கைக்கு இவ்வளவு என்று கருவூலத்துக்காரரைப் போலக் கணக்குச் சொல்வார். அடுத்த புரமோஷன் எப்போது என்பதும் அவருக்குத் தெரியும். பெண் வீட்டார் குரலைத் தாழ்த்தி 'மேல்வரும்படி' பற்றிக் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார். அரைக்காசு உத்தியோகம் ஆனாலும் அரசாங்க உத்தியோகம் என்று நம்பும் ஊரில், அரசு ஊழியரின் சம்பளம் ரகசியமாக இருந்ததே இல்லை.

அதே விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு வெள்ளைத் தாளில் கேட்டு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே அலுவலகத்துக்கு அனுப்பினால் நிலைமை மாறிவிடுகிறது. 'கோரப்பட்ட தகவல் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்பதால் வழங்க இயலாது' என்ற பதில் தமிழ்நாட்டில் தகவல் கேட்டுப் பழகியவர்களுக்கு மனப்பாடம். தரகருக்குத் தெரிந்தது வரி கட்டுகிறவருக்குத் தெரியக் கூடாதா என்று கோபப்படலாம். ஆனால் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு சண்டை போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பளம் ஏற்கெனவே ஊரறிந்தது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017-இல் தமிழக அரசு வெளியிட்ட ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சம் 15,700 ரூபாய், அதிகபட்சம் 2,25,000 ரூபாய். எந்தப் பதவி எந்த நிலையில் வருகிறது என்பது அரசாணையில் அச்சாகி இருக்கிறது. பதவியும் பணியில் சேர்ந்த ஆண்டும் தெரிந்தால் போதும், பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த யாரும் சம்பளத்தைப் போட்டுவிடலாம்.

உண்மையில் மறைந்து கிடப்பது வேறொன்று. ஓர் அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட நாற்காலிகள் எத்தனை, அவற்றில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை காலியாக இருக்கின்றன, சம்பளம் ஓரிடத்தில் வாங்கி வேலை வேறிடத்தில் பார்க்கிறவர் யார்? இந்த நாற்காலிக் கணக்கு வெளியில் வராததால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அண்ணாமலை நகரில் நடந்தது

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டினால் அண்ணாமலை நகர். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் 1929-இல் உருவான பல்கலைக்கழகம். தென்னாற்காட்டின் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் வாசல். 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி அதன் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது என்று சொல்லும் அளவுக்கு அதன் ஊழியர் எண்ணிக்கை வளர்ந்தது.

2012 நவம்பரில் அந்த வளர்ச்சி உடைந்தது. நிதி நெருக்கடி என்றது நிர்வாகம். சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்று பேச்சு எழுந்ததும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. அதுவரை 'யூனிவர்சிட்டி வேலை' என்றால் வங்கிக் கடனுக்கு வேறு ஜாமீன் கேட்காத ஊர், இந்த மாதம் சம்பளம் வருமா என்று முதன்முறையாகக் கவலைப்பட்டது. 2013 ஏப்ரலில் தமிழக அரசு ஷிவ் தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. பின்னாளில் தலைமைச் செயலாளராக ஆனவர் அவர். சட்டமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்றி, அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகத்தை அரசே முழுமையாக எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் எண்ணிக்கை ஊருக்குள் உரக்கப் பேசப்பட்டது. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதோர் என்று 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் என்று கணக்கு வந்தது. 'உபரி' என்ற சொல் சிதம்பரத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பணி நிரவல் என்ற பெயரில் பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் தமிழகம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் பிற அரசு அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சிதம்பரத்தில், அப்பாவின் வேலை நானூறு கிலோமீட்டர் தள்ளி என்று குடும்பங்கள் பிரிந்தன. சுமை மாணவர்கள் தலையிலும் விழுந்தது. அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசு எடுத்து நடத்தும் கல்லூரியில் அரசுக் கட்டணம்தானே வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 ஜனவரியில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது.

இதில் ஊழியரைக் குற்றவாளியாக்குவது எளிது. அந்த ஊரில் பலர் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை என்று கூப்பிட்டுக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். இத்தனை நாற்காலி ஏன், யாருடைய ஒப்புதலில், எந்த வருமானத்தை நம்பி என்று கேட்டிருக்க வேண்டியது வேறு ஆட்கள். அப்படிக் கேட்பதற்கான சட்டமும் அப்போதே இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 அக்டோபர் 12. பல்கலைக்கழகம் மூடப்பட்டது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து.

கேட்காமலே தர வேண்டியது

இந்தச் சட்டம் என்றாலே மனுப் போடுவது, மேல்முறையீடு செய்வது, ஆணையத்தில் நிற்பது என்றுதான் நினைக்கிறோம். அதன் உயிர் நான்காம் பிரிவில் இருக்கிறது. யாரும் கேட்காமலே ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் 17 வகை விவரங்களை வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதில் ஒன்பதாவது, அலுவலர்கள், ஊழியர்களின் பட்டியல். பத்தாவது, ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியம். இதற்குச் சட்டம் கொடுத்த அவகாசம் 120 நாள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகமும் இந்தப் பிரிவுக்குள் அடக்கம்.

துறைவாரியாகப் பெயரும் பதவியும் சேர்ந்த ஆண்டும் ஊதியமும் வருஷா வருஷம் வெளிவந்து, அது ஊரில் நாலு பேர் கையில் புரண்டிருந்தால்? மாணவர் எண்ணிக்கை ஏறாத துறையில் ஊழியர் எண்ணிக்கை மட்டும் ஏறுவதை 2007-லேயே யாராவது ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருப்பார். ஆயிரக்கணக்கானோரைப் பெயர்த்து எடுக்க வேண்டிய நிலை வருவதற்கு முன்பே புது நியமனங்கள் நின்றிருக்கலாம். நிச்சயம் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தும் வாய் மூடி இருக்கும் கலை நம் ஊர்களுக்குக் கைவந்தது. ஆனால் தெரியாமல் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் வசதியாவது போயிருக்கும்.

இந்தியாவில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். விலக்குகள் அதிகம், பல் குறைவு. மத்தியச் சட்டம் வந்ததும் அதை மறந்துவிட்டோம். அந்த மத்தியச் சட்டத்தின் வேரோ ராஜஸ்தானின் கூலிக் கணக்கில் இருக்கிறது. 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் வறட்சி நிவாரண வேலைகளின் மஸ்டர் ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும், செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. யார் பெயரில் யாருக்குச் சம்பளம் போகிறது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த உரிமையே பிறந்தது.

அந்தப் பாடத்தை அரசு ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழகத்தில் ஆறு மாவட்டங்கள் முதல் கட்டத்தில் வந்தன. அவற்றில் கடலூரும் ஒன்று. அன்றைய கூலி 80 ரூபாய். 2025-26-இல் 336 ரூபாய். காட்டுமன்னார்கோவில் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் ஒரு பாட்டியின் பெயர், வேலை அட்டை எண், எந்த வாரம் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி ஏறியது என்பதெல்லாம் இணையத்தில் உலகமே பார்க்கும்படி கிடந்தது. எவரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தனிப்பட்ட தகவல் என்று அவருக்காக யாரும் வாதாடவும் இல்லை. அந்த வேலையை மேற்பார்வை பார்க்கும் அலுவலரின் சம்பளம் என்று வந்தால் மட்டும் அந்தரங்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கீழே போகப் போகக் கண்ணாடி, மேலே ஏற ஏறத் திரை.

நம் பழைய கணக்குகளில் இந்தக் கூச்சம் தென்படவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (ஆடல் மகளிர்) பெயர், வந்த ஊர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று மதில் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. பழைய தென்னாற்காட்டுக்குள்ளேயே இருந்த எண்ணாயிரத்தில், ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரிக்கு 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்கு நாளொன்றுக்கு அளக்க வேண்டிய நெல் என எல்லாம் கல்லில் இருக்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டில் மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். இதைக் காட்டிச் சோழர் காலத்திலேயே வெளிப்படை ஆட்சி என்று மார்தட்ட வேண்டியதில்லை. கொடையின் பெருமை பேச வெட்டிய கல் அது. என்றாலும், பணியிடத்தின் எண்ணிக்கையும் அதற்கான படியும் ஊர்ச்சொத்து, ஊர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டியது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. வெள்ளைக்காரனும் 'சிவில் லிஸ்ட்' என்று கலெக்டரிலிருந்து கீழே அதிகாரிகளின் பெயர், பதவி, மாதச் சம்பளத்தைப் புத்தகமாக அச்சிட்டு விற்றான். மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் எவ்வளவு வாங்கினார் என்பதை அன்று விலை கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

காலியிடம் தெரிந்தால்

வெளிப்படை ஊழியருக்கு எதிரானது என்ற நினைப்பு சங்கங்களிடமும் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையைப் பார்த்தால் அந்த நினைப்பு தளரும். ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன் முதுநிலைப் பட்டியல் வருகிறது, காலிப்பணியிடப் பட்டியல் வருகிறது. புவனகிரியில் கணித ஆசிரியர் இடம் காலி என்பது திட்டக்குடியில் பத்து வருஷமாக இருக்கும் ஆசிரியருக்குத் தெரிகிறது. அவருக்கு அரசியல்வாதியைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பெட்டியும் தேவையில்லை. வரிசையில் தன் முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கலந்தாய்வு நடக்கும்போதெல்லாம் எழும் முணுமுணுப்பும் இதையே நிரூபிக்கிறது. 'காலியிடத்தை மறைச்சுட்டாங்க' என்பார்கள். பட்டியலில் காட்டாத இடம் பின்னாளில் 'நிர்வாக மாறுதல்' என்ற பெயரில் நிரம்பும். விலை என்று ஒன்று இருந்தால் அது மறைத்த இடத்துக்குத்தான். பட்டியலில் ஏறிய இடத்துக்கு ஏது விலை? வருவாய், பத்திரப் பதிவு, போக்குவரத்து என்று 'வளமான' இடங்கள் உள்ள துறைகளில் இப்படிக் கலந்தாய்வு வேண்டும் என்று யாரும் அவசரப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்ன?

ஊழியர்களே தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிய காலமும் உண்டு. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்தார்கள். மாதா மாதம் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது, அரசின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஆசிரியர்களும் அலுவலர்களும் வில்லை ஒட்டிய மனுவோடு தங்கள் அரசிடமே போய் நின்றார்கள்.

இன்னொரு கூட்டம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அரசு அலுவலகத்தைப் பெருக்குகிறவர், மருத்துவமனையில் காவலுக்கு நிற்பவர், மாநகராட்சியில் குப்பை அள்ளுகிறவர் எனப் பலரும் இன்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நெய்வேலியில் ஒரே சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். சம்பளச் சீட்டு ஒன்றாக இல்லை. தலைக்கு இவ்வளவு என்று அரசு ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பது ஒரு தொகை, பிடித்தம் போகத் தொழிலாளியின் கைக்கு வருவது வேறு தொகை. இடையில் எவ்வளவு நின்றது, வைப்பு நிதி உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பது கேட்டால்தான் தெரியும். கேட்டால் வேலை இருக்குமா என்பது அடுத்த கவலை. சம்பள வெளிப்படையால் உடனடியாகப் பலன் பெறக்கூடியவர் இவர்தான். நான்காம் பிரிவின் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் இவரை யாரும் எழுதுவதில்லை.

சம்பள வெளிப்படையைச் செய்து பார்த்த ஊர்களும் உண்டு. கனடாவில் நம் தமிழர்கள் நிறைந்து வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1996-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் பொதுத்துறை ஊழியர்களின் பெயர், பதவி, ஊதியம் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்துக்குள் வெளியாக வேண்டும். 'சன்ஷைன் லிஸ்ட்' என்பார்கள். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கும் வம்பும் அதில் உண்டு. ஆனால் கனடாப் பல்கலைக்கழகங்களில் இப்படி ஊதியம் வெளியானபின் ஆண், பெண் பேராசிரியர்களுக்கு இடையிலான சம்பள வித்தியாசம் குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெல் என்றொரு சிற்றூர், ஏழைகள் நிறைந்தது. அதன் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்ததை 2010-இல் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' வெளியிட்டது. அவர் சிறைக்குப் போனார்; மாநிலம் முழுக்க உள்ளாட்சிச் சம்பளங்கள் இணையத்துக்கு வந்தன. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சம்பளம் வெளியானபின் அங்கே நகர மேலாளர்களின் ஊதியம் வெட்டப்பட்டது, பதவியை விட்டுப் போனவர்கள் எண்ணிக்கையும் கூடியது. வெளிச்சம் திறமைசாலிகளையும் விரட்டக்கூடும். ஊதியம் அரசாணையில் கட்டுண்டு கிடக்கும் நம் ஊரில் அந்த அபாயம் குறைவு என்பது என் கணிப்பு.

எது அந்தரங்கம்?

அந்தரங்கம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, கூட்டுறவுச் சங்கக் கடன் பிடித்தம், மருத்துவ விடுப்பின் காரணம், ஜீவனாம்சப் பிடித்தம் எல்லாம் ஊழியரின் சொந்த விஷயம். தனியாக வாழும் ஒரு பெண் ஊழியரின் வீட்டு முகவரி ஒரு பட்டியலில் வருவது ஆபத்து. கந்துவட்டிக்காரருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கையில் நிற்கிறது என்று தெரிய வேண்டியதும் இல்லை. 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய மெமோ, தண்டனை விவரம், சொத்துக் கணக்கு, வருமான வரிக் கணக்கு போன்றவை தனிப்பட்ட தகவல்தான் என்றது. சொத்துக் கணக்கை அந்த வரிசையில் வைத்தது எனக்கு ஏற்பில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு நான்காம் பிரிவின் மேல் கை வைக்கவில்லை. அலுவலகங்கள்தான் அதை எதற்கும் உதவும் குடையாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டன.

இப்போது குடை பெரிதாகிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்றது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு காப்பும் வைத்திருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) மிச்சம் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் துணிச்சல் பொதுத் தகவல் அலுவலருக்கு வர வேண்டும். அவரும் மேலதிகாரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஓர் ஊழியர்தான்.

நான்காம் பிரிவை இந்தத் திருத்தம் தொடவில்லை என்பதுதான் கையில் இருக்கும் பிடிமானம். தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற நிதி, மனிதவள மென்பொருளில்தான் தமிழக அரசு ஊழியர்களின் சம்பளப் பட்டியல் ஓடுகிறது. 'களஞ்சியம்' செயலியில் ஊழியர் தன் சம்பளச் சீட்டைக் கைபேசியிலேயே பார்க்கிறார். எந்தப் பணியிடம் எங்கே, யார் பெயரில் என்று கருவூலத்துக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட வெளியேறாது. பட்ஜெட் நேரத்தில் துறைகள் நிதித்துறைக்கு அனுப்பும் 'நம்பர் ஸ்டேட்மெண்ட்'டில் அனுமதித்த பணியிடக் கணக்கும் வருஷா வருஷம் எழுதப்படுகிறது. எல்லாம் இருக்கிறது, வாசலுக்கு இந்தப் பக்கம் வருவதில்லை.

அதனால் மனு எழுதுகிறவர்கள் கேள்வியை மாற்றிக்கொள்வது நல்லது. இன்னாரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், மூன்றாம் நபர் என்ற பதில் முன்கூட்டியே அச்சடித்துத் தயாராக இருக்கும். இந்த அலுவலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, பதவிவாரியாக நிரப்பியது எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, மாற்றுப்பணியில் வெளியே இருப்போர் எத்தனை பேர், எங்கே, ஒப்பந்தப் பணிக்கு ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கு எவ்வளவு தரப்படுகிறது என்று கேட்டால், அதில் தனிமனிதர் யாரும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். தவறினால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மனுவைக் கொடுக்கப் போகும் இடத்தில் "எதுக்குங்க இதெல்லாம் கேக்குறீங்க?" என்று விசாரிப்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஆறாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது.